இரண்டு மணி நேரக் கோட்டு

கண்ணாடி மேசைமேல் விழும் வெயில், பிரிண்டர் விற்க வந்தவளின் கைப்பைத் தையலைக்கூடக் காட்டிக்கொடுக்கிறது. இந்த ஆர்டர் கிடைத்தால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். எதிரே கொள்முதல் மேலாளர் மேடம். விற்க வந்தவள் எழுந்து கை குலுக்குகிறாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே அழுத்தம், அதே புன்னகை. முதல் பார்வையிலேயே ஆளை அசத்த வேண்டும் என்று ஓதி ஓதி அனுப்பியிருக்கிறார்கள். எதைப் போட்டுக்கொண்டு அசத்துவது என்று மட்டும் எவனும் சொல்லவில்லை. இஸ்திரி போடும் அப்பாதான் காலையில் துணிமூட்டையிலிருந்து இந்தச் சாம்பல்நிறக் கோட்டை எடுத்துத் தந்தார். "யாரோ பெரிய வீட்டுதும்மா. ரெண்டு மணி நேரந்தான. மத்தியானம் மடிச்சு வச்சிட்டா யாருக்குத் தெரியப்போவுது?" மேலாளரின் பார்வை அவள் முகத்துக்கு வரவேயில்லை, இடது கைமடிப்பிலேயே நிற்கிறது. "கோட்டு நல்லாருக்கே. அந்தக் கையக் கொஞ்சம் திருப்புங்க." திருப்புகிறாள். பொத்தானுக்குக் கீழே மிளகளவு மைப்புள்ளி. "அந்தப் புள்ளி நான் வச்சதுதான்," என்கிறார் மேலாளர். "போன மாசம் பேனா ஒழுகிடுச்சு." அவளுக்குக் காது கொதிக்கிறது. தலை மட்டும் குனியவில்லை. கோட்டைக் கழற்றி, அப்பா மடிக்கிறபடியே கைகளை உள்வாங்கி, கழுத்துப்பட்டி நிமிர்ந்து நிற்க மடித்து மேசையில் வைக்கிறாள். உள்ளே வெளுத்துப்போன சட்டை. "இப்ப பிரிண்டரப் பத்திப் பேசலாமா மேடம்?" மேடம் விரல்நுனியால் கோட்டைத் தள்ளிவிட்டு மணியை அடிக்கிறார். உதவியாளர் வந்து நிற்கிறார். "இதத் துவைக்கப் போடுங்க. வீட்டுலயும் சொல்லிடுங்க, இனிமே இஸ்திரித் துணியெல்லாம் வேற ஆள்கிட்ட குடுக்கட்டும்." ஒரு சுருக்கமும் இல்லாமல் கோட்டு கதவைத் தாண்டிப் போகிறது.