வெள்ளை பாய்ந்த இலை

தனக்கொடி வீட்டு மாடிக்கு ஆட்கள் வந்ததெல்லாம் ஊரில் வேறெங்கும் கிடைக்காத, வெள்ளை பாய்ந்த இலைகளோடு நின்ற மான்ஸ்டீரா செடிக்காகத்தான். கணவன் இறந்த பிறகு வேறெதற்கும் அந்த வீட்டுப் படியை யாரும் மிதித்ததில்லை. ஒரு கொப்பு கேட்டு வருவார்கள். எந்தக் கணுவில் வெட்டினால் வேர் பிடிக்கும் என்று பேசிக்கொண்டிருப்பதிலேயே பொழுது சாய்ந்துவிடும்.

அடிக்கடி வரும் அருள்மணி அன்று வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் பையில் கத்தரிக்காய்களுக்கு மேல் அதே செடி இருந்தது.

“சூப்பர் மார்க்கெட்ல குவிச்சு வெச்சிருக்காங்க அக்கா. கீரைக்கட்டு மாதிரி அள்ளீட்டுப் போறாங்க.”

“உள்ள வா கண்ணு, டீ போடறேன்.”

“இல்லீங்க்கா. இனி உங்களத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லீங்க.”

அதன்பின் யாரும் வரவில்லை. ஒருநாள் தனக்கொடியே அந்தக் கடைக்குப் போய், செடிகள் குவிந்திருந்த இடத்தில் நின்றாள். பக்கத்தில் பில் போடும் வரிசையில் நின்ற ஓர் இளம்பெண் ஒரு செடியை எடுத்துக்கொண்டு, அவளிடம் “இதுக்குத் தண்ணி எப்படீங்க ஊத்தணும்?” என்று கேட்டாள்.

தனக்கொடிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்துத் தொட்டியில் விரலை விட்டுக் காட்டினாள். “இப்படித் தொட்டுப் பாக்கணும் கண்ணு. மேல காஞ்சிருந்தாலும் உள்ள…”

வரிசை நகர்ந்தது. “செத்தா இன்னொன்னு வாங்கிக்கறேன், விடுங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள்.

தனக்கொடியின் விரல் மண்ணுக்குள்ளேயே இருந்தது.