இருபத்தொன்பதா, முப்பத்தொன்றா

"அடுத்து யாரு, லோசா அக்காவா? வாங்க, உங்க பங்குக்கு நீங்களும் முட்டிப் பாருங்க," என்று செஃபோ நாற்காலியை இழுத்துப் போட்டார்.

செஃபோ எங்கள் பதிவு அலுவலகத்தின் தலைவர். காலையிலிருந்து அவருக்கு ஒரே வேலை, பெனினா எழுதிய புரோகிராமை ஏமாற்றப் பார்ப்பது.

சமோவாவின் தலைநகர் ஆப்பியாவின் பழைய பிறப்பு அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து ரெடிமேடாக ஒரு புரோகிராம் வந்திருந்தது. எங்கள் அலுவலகப் பெண் பெனினா எழுதியது இன்னொன்று. அவளுடையதில் தப்பான தகவல் ஒன்றே ஒன்று சேர்ந்துவிட்டாலும் வெளிநாட்டுக்காரனுடையதைத்தான் வாங்குவேன் என்று செஃபோ சொல்லிவிட்டார். தோற்பவர், மற்ற எல்லோருக்கும் தேங்காய்ப்பால் பன் வாங்கித் தர வேண்டும் என்பது மற்றவர்கள் சேர்த்துக்கொண்டது.

பெயரைக் காலியாக விட்டுப் பார்த்தார் செஃபோ. பிப்ரவரிக்கு முப்பது நாள் கொடுத்துப் பார்த்தார். பிள்ளை பிறந்த பிறகு அம்மாவைப் பிறக்க வைத்தார்.

ஒன்றும் பலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பிள்ளைகளின் நகத்தைப் பார்த்து உள்ளே விடும் அத்தை மாதிரி, டேட்டாபேஸில் ஒரு எழுத்து ஏறும் முன்பே பெனினாவின் புரோகிராம் எல்லாவற்றையும் நிறுத்திக் கேள்வி கேட்டது.

எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பெருமையாக இருந்தது. அவளோ சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான் உட்கார்ந்து அடித்தேன். பெயர், அனிவா. பிறந்த இடம், ஆப்பியா. பிறந்த தேதி, 2011 டிசம்பர் 30.

செஃபோ குனிந்து பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மாட்டினா பெனினா."

அந்த வருடம் சமோவாவுக்கு டிசம்பர் முப்பது கிடையாது. ஆக்லாந்திலும் சிட்னியிலும் என்ன கிழமையோ அதுவே நமக்கும் இருக்கட்டும் என்று அரசாங்கம் ஒரு நாளையே தூக்கிவிட்டது. இருபத்தொன்பதாம் தேதி இரவு படுத்து, முப்பத்தொன்றாம் தேதி காலையில் எழுந்தோம்.

வெளிநாட்டுப் புரோகிராமுக்கு அது எப்படித் தெரியும்? முந்தின நாள் யாரும் இல்லாதபோது இதே வரியை அதில் போட்டேன். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டது.

சேமி என்ற பொத்தானை அழுத்தினேன்.

சிவப்பில் ஒரு வரி வந்தது.

'2011 டிசம்பர் 30 அன்று சமோவாவில் பொழுது விடியவில்லை. பிறந்தது 29 இரவா, 31 அதிகாலையா?'

ஆளுக்கொரு மேசையைத் தட்டினார்கள். செஃபோவும் தட்டினார்.

"இதெல்லாம் எப்படிம்மா உனக்குத் தோணுச்சு?"

"அப்ப எனக்குப் பத்து வயசு சார். ஒரு நாள் லீவைப் பிடுங்கிட்டாங்களேன்னு அழுதேன்."

தப்பு என்று முகத்தில் அடிக்காமல், எது சரி என்று கேட்கிறதே, அதற்கே அவளுக்கு மாலை போடலாம்.

31 அதிகாலை என்பதை அழுத்தினேன். யோசிக்கவே இல்லை. 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது.

செஃபோ பன் வாங்கக் கிளம்பினார். பெனினா என் பக்கத்தில் வந்து, சோதனைக்காகப் போட்டதை அழிக்கப் போனாள்.

"அதை மட்டும் விட்டு வைம்மா," என்றேன்.

"ஏன்க்கா? சும்மா ஏமாத்திப் பார்க்கப் போட்டதுதானே?"

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டிருந்தது.

"அனிவா என் பொண்ணும்மா. அவ பொறந்தப்ப பிரசவம் பார்த்தவங்க தூக்கக் கலக்கத்துல அட்டையில முப்பதுன்னு எழுதிட்டாங்க. போற எடமெல்லாம் இப்படி ஒரு நாளே இல்லைன்னு திருப்பி அனுப்புறாங்க. கூடப் படிக்கிறதுங்க அவளை 'பொறக்காதவ'ன்னுதான் கூப்பிடுதுங்க. இந்த வழியாத்தான் வீட்டுக்குப் போவா. ஒரு தடவை பார்த்துட்டுப் போகட்டும்."

பெனினா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கம்ப்யூட்டர் திரையை மெதுவாக வாசல் பக்கம் திருப்பி வைத்தாள்.