விளையாட்டில் ஒரு சின்னத் தப்பு

"இந்தத் துணியில பெரியவனுக்குத்தான் சட்டை. மறுபேச்சு வேண்டாம்!"

தையற்காரர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். துணியை வெட்டி முடித்தாயிற்று. இனிப் பேசி என்ன?

"சின்னவன் தன் கல்யாணத்துக்கு வாங்கி அனுப்பின துணிங்க இது." மனைவியின் குரல் கம்மியிருந்தது. "கடைச் சட்டை வேண்டாம், அப்பா கையால தைச்சதுதான் போடுவேன்னு அனுப்பியிருக்கான். நாளைக்குக் கல்யாணம். நீங்கதான் போகல. ஒரு சட்டையாவது போகக் கூடாதா?"

"யாருக்கு யார் அப்பா? நாலு பேர் நடுவுல என்னைத் தலைகுனிய வெச்சவன் அவன். அந்தப் பீச்சாங்கைப் பய பேச்சை இந்த வீட்டுல எடுக்காதே."

"பெத்த பிள்ளையை அப்படிச் சொல்லாதீங்க."

"பெத்ததுக்குத்தான் அனுபவிச்சாச்சே!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. துணி கொடுத்தவர்களுக்கு மிச்சத் துண்டைக்கூட மடித்துத் திருப்பிக் கொடுக்கிறவர் அவர். "கை சுத்தம்" என்று சொன்னால் அந்தத் தெருவில் அவர் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

அப்படிப்பட்டவர் வீட்டுப் பிள்ளைதான் சீட்டாட்டத்தில் மாட்டினான். உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில், சாப்பாடு முடிந்து பொழுதுபோக்காக ஆடிய ஆட்டம். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு குறைந்தது. "முதல்ல என் பிள்ளைங்களைச் சோதிங்க!" என்று மார்தட்டியவர் இவர்தான். சின்னவனின் பாக்கெட்டிலிருந்து அந்தச் சீட்டை உருவியதும் இவர் கைதான்.

"நான் வைக்கலப்பா" என்றான் சின்னவன். பளீரென்று ஓர் அறை. அன்றோடு அவனுக்கு இந்த வீட்டு வாசல் மூடிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவன்தான் பாவம், அவர் காலைக் கட்டிக்கொண்டு, "தம்பியை விட்டுடுங்கப்பா" என்று தேம்பித் தேம்பி அழுதான். பிள்ளை என்றால் அதல்லவா பிள்ளை!

அந்தப் பிள்ளைதான் இப்போது கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு செய்து பேர் வாங்கியிருக்கிறான். சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிற விளையாட்டு. சீட்டு என்றதும் இவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "ஏமாத்தறவனைக் கண்டுபிடிக்கக் கத்துக் குடுக்கிறதுப்பா" என்றான் பெரியவன். அடங்கிவிட்டார். அதற்கு இப்போது பரிசும் கிடைத்திருக்கிறது. மேடையேற நல்லதாக ஒரு சட்டை வேண்டாமா?

"மாமா, விளையாடினவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிக்கட்டுமா?"

கைப்பேசியோடு மருமகள் வந்து உட்கார்ந்தாள். சின்னவன் போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள். அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"சத்தமாப் படிம்மா. உள்ளே இருக்கிறவங்க காதுலயும் விழட்டும்."

"'என் மாமனாரை இதுல கத்துக்கிட்ட வித்தையால ஜெயிச்சேன். அவர் இப்ப என்கிட்ட பேசறதே இல்ல. நிம்மதி. அஞ்சு ஸ்டார்.'"

தையற்காரர் சிரித்துவிட்டார். "படுவா! அப்புறம்?"

"'சீட்டு கலைக்கிற சத்தத்துக்கே காசு குடுக்கலாம்.' இன்னொருத்தர், 'ரெண்டு தடவை தோத்தேன், மூணாவது தடவை போனையே தூக்கிப் போட்டு உடைச்சேன், புதுப் போன் யார் தருவா?'ன்னு கேக்கறார். இதோ, ஒரு பொண்ணு எழுதியிருக்கு. 'கடைசி ஆட்டம் முடிச்சுட்டு அழுதுட்டேன். இவ்வளவு கொடூரமா ஒரு மனுஷனுக்கு யோசிக்க வருமா?'"

"அப்படி என்னம்மா அதுல?"

"நாம மாட்டிக்கிற நேரம் மாமா. தப்பிக்கணும்னா, ஒளிச்சு வெச்ச சீட்டைப் பக்கத்துல இருக்கிற தம்பி பாக்கெட்டுல நைசாப் போட்டுடணும்."

மெஷின் சக்கரத்தின் மேலிருந்த கை நின்றது.

"அதோட முடியல. அந்தத் தம்பியை அடிக்க வரும்போது நாமளே கால்ல விழுந்து, 'விட்டுடுங்க'ன்னு அழணும். அழுதாத்தான் முழுப் பாயிண்ட்! அப்பத்தான் யாருக்கும் நம்ம மேல சந்தேகம் வராதாம். உங்க பிள்ளைக்கு மூளையைப் பாருங்க மாமா!"

"விளையாட்டுதானேம்மா" என்றார்.

விளையாட்டுதான். உலகத்தில் எத்தனையோ பேருக்குத் தம்பி இருக்கிறான். எத்தனையோ பேர் காலில் விழுந்து அழுகிறார்கள். பாக்கெட் துண்டை எடுத்துச் சட்டையின் இடது மார்பில் வைத்தார். குத்துவதற்குக் குண்டூசியை எடுத்தார்.

"ஒரே ஒரு தப்பைத்தான் எல்லாரும் சொல்லிக்காட்டறாங்க மாமா. 'படம் போட்டவர் தூங்கிட்டாரா'ன்னு கிண்டல் வேற. அவர் வந்ததும் திருத்தச் சொல்லணும்."

"என்ன தப்பு?"

"அந்த ஆட்டத்துல எல்லாருக்கும் பாக்கெட் இடது பக்கம். மாட்டிக்கிற தம்பிக்கு மட்டும் வலது பக்கம் வரைஞ்சு வெச்சிருக்கார்!" மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்களே சொல்லுங்க மாமா. உலகத்துல எந்தத் தையற்காரராவது பாக்கெட்டை வலது பக்கம் வெச்சுத் தைப்பாரா?"

குண்டூசி விரலில் ஏறியது அவருக்குத் தெரியவில்லை.

"நான் தைச்சேம்மா" என்றார். "இடது கைக்காரப் பிள்ளை, எடுக்க வைக்க வசதியா இருக்கட்டும்னு."