கொடிக்கு அடித்த மருந்து

பார்க் எக்ஸ்டென்ஷனில் உணவகம் நடத்தும் நிரஞ்சனி, மொன்றியலுக்கு வெளியே இருந்த றொசானின் திராட்சைத் தோட்டத்துக்குச் சொல்லாமல் வந்தாள். அவன் பழைய கொடிகளின் மேல் வெள்ளையாக எதையோ விசிறிக்கொண்டிருந்தான்.

"ஒர்கானிக் வைன் எண்டுதானே என்ரை சனத்துக்குக் குடுக்கிறன். இதென்ன, தம்பி?"

"இலையெல்லாம் பூஞ்சணம், அக்கா. அறுபது வருசக் கொடியள். இதை அடிக்காட்டிச் செத்துப்போகும்."

"அப்ப மருந்துதான்! போன முறையே எனக்குச் சந்தேகம். உன்ரை வைன் இனி எனக்கு வேண்டாம்."

அவன் வாய் திறப்பதற்குள், வீட்டு வாசலிலிருந்து மனைவி எலிசா கத்தினாள்.

"இஞ்சேருங்கோ! அக்கா வந்திருக்கிறா, தேத்தண்ணிக்கு ஒரு சொட்டுப் பாலில்லை. நாலு பை பாலையும் கொடிக்கே அடிச்சு முடிச்சிட்டியளோ?"