பதில் வரும் வழி

"மாமா, உங்க பெர்ல் தூங்கிடுச்சா?"

பக்கத்து நாற்காலிக்காரி தலையை நீட்டிக் கேட்டாள். அந்த ஆபீசில் எல்லோருக்கும் அவர் 'பெர்ல் மாமா'தான். மற்றவர்கள் புதுப்புது மொழிகளில் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்க, அவர் மட்டும் பெர்ல் என்ற பழைய மொழியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர்.

"தூங்கலம்மா. கேள்வி போயிடுச்சு. பதிலுக்குக் காத்திருக்கு."

"அதைத்தான் நாங்க தூக்கம்னு சொல்றது."

அவர்கள் கம்பெனி இணையத்தில் பெயின்ட் விற்கப் போகிறது. டப்பாக்கள் இருப்பதோ வேறொருவர் குடோனில். வாங்குகிறவர் திரையில் ஒரு நிறத்தைத் தொட்டால், அதில் எத்தனை டப்பா இருக்கிறது என்று இங்கிருந்து கேள்வி போகவேண்டும். அங்கிருக்கும் வெப் சர்வீஸ் என்கிற புரோகிராம் தானாகப் பதில் சொல்லவேண்டும். குடோன்காரர்கள் அதற்கு ஒரு விவரக் கோப்பு கொடுத்திருந்தார்கள். என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கவேண்டும், பதில் எந்த உருவத்தில் வரும் என்பதெல்லாம் அதில் இருந்தது. மாமாவிடம் இருந்த பெர்ல் லைப்ரரி, அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு, அந்தக் கோப்பைப் படித்துவிட்டுத் தானே கேள்வியைக் கட்டி அனுப்பிவிடும். மாமா தன் கையால் எழுதியது நாலைந்து வரிதான்.

மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன சார், ஆச்சா?"

"ஓடுது சார். பதில்தான் கொஞ்சம் ஆடி அசைஞ்சு வருது."

"சாயங்காலம் முதலாளி பார்க்க வர்றார். அதுக்குள்ள சரியாகலேன்னா பெர்லைத் தூக்கிக் கடாசிட்டு வேறதுல எழுதச் சொல்லிடுவேன். அப்புறம் இங்க உங்களுக்கு என்ன வேலை? வெளியூர்த் துறைமுகக் கிளைக்குப் போகவேண்டியதுதான்."

அவர் போன கையோடு மாமா வீட்டுக்கு போன் போட்டார். மனைவி முழுவதையும் கேட்கவில்லை.

"எனக்கு இப்பதான் நல்ல வேலை கிடைச்சிருக்கு. நான் எங்கயும் வரமாட்டேன். நீங்க போய் அங்க உங்க பெர்லோட குடித்தனம் பண்ணுங்க."

மாமா போனை வைத்துவிட்டு, அடுத்ததாகக் குடோன் அதிகாரியைப் பிடித்தார்.

"சார், உங்க சர்வீஸ் ரொம்ப நிதானமா பதில் சொல்லுதே?"

"நிதானமா சொன்னாலும் சரியா சொல்லும் சார். ஒரு டப்பா கூடாது, ஒரு டப்பா குறையாது. புதுசாப் போட்டது. போகப்போக வேகம் வந்துடும்."

மாமா விடாமல் சோதித்துப் பார்த்தார். வெள்ளையைக் கேட்டால் உடனே பதில். கரும்பச்சைக்கு ஒரு யுகம். ஒருமுறை கேட்டதையே மறுபடி கேட்டால் சட்டென்று வந்தது.

"பார்த்தியா, ஒருதரம் சொன்னதை ஞாபகம் வச்சுக்குது. நல்லா யோசிச்சு எழுதியிருக்காங்க."

"அப்ப கரும்பச்சைக்கு என்ன கேடு?"

"தரவு வேற சர்வர்ல இருக்கும். கொஞ்சம் தூரமா."

மதியம் பதிலே வரவில்லை. மாமா காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவைத்தார். அதற்கும் வரவில்லை.

"மதியத்துல சர்வரை நிறுத்திப் பராமரிப்புப் பண்ணுவாங்க போல," என்றார்.

"யார் பகல்ல பண்ணுவாங்க? மாமா, ஒத்துக்கோங்க. உங்க லைப்ரரிதான் எங்கயோ மாட்டிக்கிட்டு முழிக்குது."

அது மாமாவுக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் பதில்கள் மீண்டும் வர ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடை திறந்தா ஆளுக்கொரு நிறம் கேட்பாங்க இல்ல? இப்பவே மொத்தமா கேட்டுப் பார்த்துடறேன். மாட்டுறது யாருன்னு தெரிஞ்சுடும்."

இருக்கிற நிறங்கள் அத்தனையையும் வரிசையாக அனுப்பச் சொல்லி பெர்லைத் தட்டிவிட்டார். முதலில் ஒன்றிரண்டு பதில் வந்தது. பிறகு இடைவெளி நீண்டது. பிறகு ஒன்றுமே இல்லை. நாற்காலிக்காரி தன் வேலையை விட்டுவிட்டு மாமாவின் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

மேனேஜர் வேகமாக வந்தார்.

"முதலாளி கீழே வந்துட்டார். என்ன காட்டப் போறீங்க?"

"ஒரு நிமிஷம் சார்..."

"போதும் சார். பெர்லை அழிச்சிடுங்க. கிளைக்கு நான் சொல்லிடறேன்."

மாமா கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனார். அப்போது திரை அசைந்தது. எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் பூஜ்யம். அதற்குக் கீழே, 'குறிப்பு' என்று குடோன்காரர்கள் விட்டிருந்த இடத்தில் ஏதோ எழுதி வந்திருந்தது.

மேனேஜர் குனிந்து படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அழிக்க வேண்டாம் சார். பெர்ல் மேல ஒரு தப்பும் இல்லை. நீங்களும் எங்கயும் போகவேண்டாம்."

"அப்படி என்ன வந்திருக்கு?" என்று நாற்காலிக்காரி திரையைத் தன் பக்கம் திருப்பி, சத்தமாக வாசித்தாள்:

"யாருங்க அது, காலையிலேருந்து மூச்சு விடாம கேட்கிறது? இதுக்கு இன்னும் புரோகிராமே எழுதலையாம், அதுவரைக்கும் குடோன்ல மூட்டை தூக்குற என்னைத்தான் ஏணி ஏறி எண்ணி வந்து பதில் தட்டச் சொல்லியிருக்காங்க. ஒரு டீ குடிச்சிட்டு வந்து மிச்சத்தைச் சொல்றேன்."