கோழிக்கூட்டுக்குப் பூட்டு

"யோவ் வாட்ச்மேன்! வெளியே வாய்யா!"

வெல்டர் அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கதவைத் திறந்து பார்த்தது.

பின்னே? பட்டறையிலிருந்து வந்து பார்த்தால் கொல்லையில் கோழிக்கூடு காலி! அவளே இரும்புச் சட்டம் அறுத்து, அவளே பற்றவைத்த கூடு. ஒரு பக்கத்துக் கம்பிவலையை ஆள் நுழைகிற அளவுக்கு யாரோ வெட்டியிருந்தார்கள். கடித்ததா வெட்டினதா என்று தெரியாதவளா அவள்? சுத்தமான கட்டிங் பிளேயர் வேலை.

போன வாரம் ஒரு கோழி காணாமல் போனபோதே பெரிய பூட்டாக வாங்கி மாட்டினாள். "நாலு கால் திருடனுக்கு வலை போதும். ரெண்டு கால் திருடனுக்குத்தான் பூட்டு!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

பக்கத்து வீட்டு வாட்ச்மேன் ராத்திரி டூட்டி முடித்து விடியற்காலையில் வந்து படுக்கிறவர். அவர் கண் மூடும்போதுதான் சேவல் வாய் திறக்கும். "ஒரு நாள் எல்லாத்தையும் சட்டியில போட்டுடுவேன், பாரு!" என்று அவர் சுவருக்கு மேலாகக் கத்தாத நாளில்லை.

புருஷன் போய்ச் சேர்ந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை என்று இருந்ததே அந்தக் கோழிகள்தான்.

கதவு திறந்தது. கையெல்லாம் கீறலோடு வந்து நின்றார் வாட்ச்மேன்.

"வலையை வெட்டினது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"கூசாம சொல்றியே! நீயெல்லாம் மனுஷனாய்யா?"

"இன்னொரு தடவை நடந்தா இன்னொரு தடவையும் வெட்டுவேன். யார்கிட்ட வேணா போய்ச் சொல்லிக்கோ."

"ஆம்பிளை இல்லாத வீடுதானேன்னு நினைச்சியா? இரும்பையே வளைக்கிறவ நான்!"

"வளைச்சே, யார் இல்லைன்னா? நாலு பக்கமும் இரும்பு. மேலேயும் இரும்பு. தரைக்கு என்ன போட்டே?"

தரையில் வெறும் மண்தான்.

"பட்டப்பகல்ல கீரி குழி பறிச்சு உள்ளே பூந்துடுச்சும்மா. கோழிங்க போட்ட அலறல்ல எழுந்து சுவரேறிக் குதிச்சேன். கதவைத் திறந்தா ஓடித் தப்பிச்சிருக்கும். ஆனா பூட்டு தொங்குது, சாவி உன் இடுப்புல. வலையை வெட்டித்தான் ஒவ்வொண்ணா வெளியே இழுத்தேன். கொத்து வாங்கினதுதான் மிச்சம்!"

அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"எத்தனை போச்சுண்ணே?"

அவர் அவளை உள்ளே கூட்டிப் போனார். பகலில் தூங்குவதற்காக ஜன்னலைப் போர்வையால் மூடி இருட்டாக்கிய அறை. அவருடைய கட்டிலில், தலையணையைச் சுற்றி, சேவலோடு சேர்த்து அத்தனையும் ஒண்டிக்கொண்டிருந்தன.

"ஐயோ, என் தங்கங்களா!"

சட்டென்று உதட்டில் விரல் வைத்தார் வாட்ச்மேன்.

"கத்தாதேம்மா! பயம் தெளிஞ்சு இப்பதான் தூங்குதுங்க."