முன்னால் மட்டும் அகலம்

என் காரின் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, ஏறக்குறைய இரண்டு பங்கு அகலத்தில் வேறு இரண்டை மாட்டி வைத்திருந்தான் என் மகன்.

முன்னால் மட்டும். பின்னால் அதே பழைய ஒல்லிச் சக்கரங்கள்.

"உன் பிறந்தநாளுக்கும்மா. எப்படி இருக்கு?" என்றான்.

எப்படி இருந்தது? நோஞ்சான் ஒருவன் கையில் குத்துச்சண்டை உறையை மாட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுபத்தேழு வயதில் எனக்கு எதற்கு ரேஸ் வண்டி?

தட்டச்சு வகுப்பு நடத்திச் சம்பாதித்த காசில் நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால் நானே வாங்கிய கார் அது. பிஸ்கட் டப்பா அளவுதான் இருக்கும். இப்போது அந்த மாடலை யாரும் செய்வதில்லை. சிக்னலில் நின்றால் பக்கத்துக் காரிலிருந்து கண்ணாடியை இறக்கிப் படம் பிடிப்பார்கள்.

ஞாயிறு தவறாமல் அதில்தான் அக்காவைப் பார்க்கப் போவேன். அவள் படுத்த படுக்கையாக இருக்கிறாள். நகம் வெட்டிவிட, தலை வாரிவிட, சண்டை போட நான்தான் போகவேண்டும். அந்த வண்டி இல்லையென்றால் "கொஞ்சம் கொண்டுபோய் விடறியா" என்று வீட்டில் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்கவேண்டும். அதற்கு எனக்கு வாய் வராது.

மறுநாள் ஞாயிறு. ஏறி உட்கார்ந்தேன்.

எங்கள் கேட்டைத் தாண்டினால் எதிர்வீட்டுச் சுவர். அங்கேயே நிறுத்தி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்தான் தெருவுக்குள் திரும்பமுடியும். பவர் ஸ்டியரிங் எல்லாம் வராத காலத்து வண்டி. போன வாரம் வரை சாவகாசமாக ஒடித்த ஸ்டியரிங்கில் அன்று இரண்டு கையாலும் தொங்கினேன். அசையவில்லை. மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் திருப்பியதும் டயர் மட்கார்டு விளிம்பில் உரசி நறநறவென்று சத்தம் போட்டது.

எதிர்வீட்டுக்காரர் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தார். வண்டியை அப்படியே நேராகப் பின்னால் எடுத்து உள்ளே விட்டேன்.

அக்காவுக்குப் போன் போட்டுப் பொய் சொன்னேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று.

என் மகன் கணக்கு வாத்தியார். ஒரு திரைச்சீலை வாங்கவே மூன்று கடை ஏறி இறங்கி, அளவு நாடாவும் கையுமாக நிற்பவன். அவனுக்கா டயரின் அகலம் தெரியாமல் போகும்? எங்கள் வழக்கமான டயர் கடைக்காரன்தான் விற்காமல் கிடந்த இரண்டை அவன் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்தேன்.

திங்கள் காலை கடைக்கு நடந்தே போனேன். கேட்கவேண்டியதையெல்லாம் வழிநெடுக மனதுக்குள் கேட்டுப் பார்த்துக்கொண்டேன்.

டயர் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிடித்த பிடியில் டியூபை விட்டுவிட்டு எழுந்து நின்றார். பின்னால் மாட்ட மறந்துவிட்டீர்களா, முன்னால் மட்டும் மாட்ட உங்களுக்குக் கை எப்படி வந்தது, பொம்பளை ஓட்டுகிற வண்டிதானே என்று இளக்காரமா, இதைத் திருப்பமுடியாது என்று என் பையனிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கேட்டேன்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"எல்லாம் சொன்னேம்மா. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும், முன்னாடி மட்டும் மாட்டிக்கிட்டு ரோட்டுல ஓட்டவே கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். 'ஓட்டக் கூடாதுன்னுதாங்க மாட்டச் சொல்றேன்'னாரு உங்க பையன்."

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. முகத்துக்கு நேரே "ஓட்டாதே" என்று சொல்ல வாய் இல்லை, ரிப்பன் கட்டிப் பரிசு கொடுக்கத் தெரிகிறது. நான் என்ன கைக்குழந்தையா, கத்திரிக்கோலை எட்டாத இடத்தில் எடுத்து வைக்க? வீட்டுக்குப் போய் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று நின்றேன்.

கடைக்காரர் அதற்குள் ஜாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார். பழைய சக்கரங்கள் கடையிலேயே இருக்கின்றன, இப்போதே கூட வந்து அரை மணி நேரத்தில் மாட்டித் தருகிறேன் என்றார்.

சரி, வாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. அக்கா வீட்டுத் தெருவை விட்டு வண்டியை வெளியே எடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கடுத்து நினைவிருப்பது எங்கள் வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நான் உட்கார்ந்திருந்தது. நடுவில் இருபது நிமிட ரோடு. அதில் ஓரடி கூட நினைவில்லை. பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

எதில் இடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடமும் மூச்சுவிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் பார்த்தபோது அங்கே புதுக் கண்ணாடி இருந்தது. மகன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்காரர் ஜாக்கியோடு நின்றுகொண்டிருந்தார்.

"பழசு வேண்டாம் தம்பி. பின்னாடியும் இதே அகலத்துல ரெண்டு மாட்டிடுங்க" என்றேன். "நிக்கப்போற வண்டி. நிக்கிறதையாவது லட்சணமா நிக்கட்டும்."